ஃபீஸ் ஜன்னலில் உட்கார்ந்து பேசியவர்

எங்கள் பள்ளியின் ஃபீஸ் கவுன்ட்டரில் ஒரு கண்ணாடித் தடுப்பு இருந்தது. பணம் வாங்க வசதியாக அதில் அரைவட்டமாக ஓர் ஓட்டை. அதை யார் அளவெடுத்து வெட்டினார்களோ தெரியாது, நிற்பவரின் இடுப்பு உயரத்துக்கு அமைந்துவிட்டது. கட்டண விவரம், கடைசித் தேதி, அபராதம் என்று காகிதங்களை ஒட்டி ஒட்டி மீதிக் கண்ணாடி சுவராகவே ஆகிவிட்டிருந்தது. ஆகவே என்னிடம் பேச வேண்டுமானால் யாராக இருந்தாலும் குனிந்தாக வேண்டும். ஆடிட்டர் குனிவார், டாக்டர் குனிவார், பட்டுப்புடவை கட்டிய அம்மாக்கள் ஒரு கையால் முந்தானையைப் பிடித்துக்கொண்டு குனிவார்கள். குனிந்தவர்கள் சீக்கிரம் நிமிர்ந்துவிடத்தான் பார்ப்பார்கள். இருபத்தாறு வருடமாக அந்த அறையில் இருக்கிறேன். மயிலாப்பூரில் பாதிக் குடும்பங்களை முகவாயை வைத்தே இன்னார் என்று சொல்லிவிடுவேன், முழு முகத்தைக் காட்டினால்தான் எனக்குக் குழப்பம் வரும்.

அந்த ஓட்டைக்கு நேராக ஸ்டூல் போட்டு உட்கார்ந்தவர் ஒரே ஒருவர்தான். ஈக்காட்டுத்தாங்கலில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருந்தார். மகளை எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்த்திருந்தார். முதல் முறை வந்தபோது எல்லாரையும் போலக் குனிந்து பார்த்தார், உடனே நிமிர்ந்து போய்விட்டார். ஆள் கிளம்பிவிட்டார் என்று நினைத்தேன். வாட்ச்மேனின் பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. அதைப் போட்டு உட்கார்ந்ததும் அவர் முகம் என் முகத்துக்கு நேரே வந்து நின்றது. “குனிஞ்சா இடுப்பு புடிச்சிக்குது மேடம். நாள் முச்சூடும் மிஷின் முன்னாடி நின்னுகினே இருக்கிற ஆளு. நீங்க பொறுமையா எழுதுங்க” என்றார். வரிசையில் பின்னால் நின்றவர்களுக்கு எரிச்சல். எனக்கு எழுதுவதே மறந்துபோயிற்று, அவ்வளவு பக்கத்தில் ஒரு முழு முகத்தை அந்த ஜன்னலில் அதுவரை நான் பார்த்ததில்லை.

என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். டெர்ம் தொடங்கி இரண்டு வாரம்வரை பணம் வாங்கிப் போடுவேன். மூன்றாவது வாரத்திலிருந்து, கட்டாதவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போனில் கூப்பிடுவேன். பிள்ளைகளை வகுப்பில் எழுப்பி நிறுத்திக் கேட்கக் கூடாது, பெற்றவர்களிடம்தான் கேட்க வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்து அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. ஆனால் கேட்கிற வாய் என்னுடையது ஆகிவிட்டது. மாட வீதிப் பக்கத்து மாமி ஒருவர், “அவர் ஆத்துல இல்லையேம்மா, வந்ததும் சொல்றேன்” என்பார். பக்கத்திலேயே அவர் இருமுவது கேட்கும். தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருந்த திருநெல்வேலி அண்ணாச்சி, “சாயங்காலம் குடுத்து விடுதேன்” என்பார், எந்தச் சாயங்காலம் என்று மட்டும் சொல்ல மாட்டார். நானும் சிரிக்காமல், “சரிங்க, குறிச்சிக்கறேன்” என்பேன். ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் பேசுவேன். சாயங்காலம் யோசித்துப் பார்த்தால் யாரிடமும் பேசியதுபோல இருக்காது.

பள்ளிக்கு வெளியே நிலைமை இன்னும் மோசம். தீபாவளி சமயத்தில் தி.நகரில் துணி எடுக்கப் போனால், பாக்கி வைத்திருக்கும் அம்மாக்கள் என்னைப் பார்த்ததும் கையிலிருக்கும் பைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விடுவார்கள். ஒரு முறை ஓர் அம்மா புடவைக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்தே விட்டார். நான் அந்தக் கடையை விட்டு வெளியே வந்தால்தான் அவர் எழுந்திருக்க முடியும் என்று புரிந்து, எடுத்த ரவிக்கைத் துணியை அங்கேயே போட்டுவிட்டு வெளியேறினேன். மாதா கோவிலிலும் அப்படித்தான். எங்கள் குடும்பம் சாந்தோம் பங்கில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. அம்மா டீச்சர், சித்திமார் இருவரும் டீச்சர்கள். அவர்களைக் கண்டால் தெருவே எழுந்து நின்று வணக்கம் சொல்லும். நானும் பள்ளிக்கூடத்தில்தான் வேலை பார்க்கிறேன். பூசையில், ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள் என்று ஃபாதர் சொன்னதும், பக்கத்து பெஞ்சுக்காரர்கள் எனக்கு மட்டும் தரையைப் பார்த்துக் கைகூப்புவார்கள். அம்மா போன பிறகு, வீட்டில் நான் ஒருத்தி என்று ஆன பிறகு, அதைத் தாங்க முடியவில்லை. விடிகாலை முதல் பூசைக்குப் போக ஆரம்பித்தேன். அங்கே வயதானவர்கள்தான் வருவார்கள், யாருக்கும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் கிடையாது.

இப்படி இருந்தவளிடம்தான் பட்டறைக்காரர் வந்து உட்கார்ந்தார். அவர் ஒருநாளும் ஒரே தவணையில் கட்டியதில்லை. மூன்று நான்கு தரமாகக் கொண்டுவருவார். ஒவ்வொரு தரமும் உட்கார்ந்ததும் முதல் கேள்வி, “சாப்ட்டீங்களா மேடம்?” அந்த ஜன்னலில் யாரும் கேட்காத கேள்வி அது. பிறகு தன் கதையைச் சொல்வார். பெரிய கம்பெனிகளுக்கு உதிரி பாகங்கள் கடைந்து கொடுப்பார், பில் பணம் வர நாலு மாதம் ஆகும். வாரத்தில் இரண்டு நாள் மத்தியானம் அந்தக் கம்பெனிகளின் வரவேற்பறையில் போய் உட்கார்ந்திருப்பதே அவர் வேலை. “நீங்க இன்னா பண்றீங்களோ அதான் மேடம் நானும் பண்றேன். நீங்க போன்ல கேக்குறீங்க, நான் நேர்ல போய் உக்காந்துகினு கேக்குறேன். என்னைப் பாத்தா ஏசி ரூம்ல கீற ஆளு பின்பக்கமா பூடுறான்” என்று சிரிப்பார். புடவைக் குவியலுக்குப் பின்னால் ஒளிந்த அம்மாவின் கதையை நான் சொன்னது அவரிடம் மட்டும்தான். அவர் சிரிக்கவில்லை. “அந்த ரவிக்கத் துணிய அப்புறம் வாங்கினீங்களா இல்லியா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அது தப்பு மேடம்” என்றார்.

அடுத்த தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, ரங்கநாதன் தெருவின் நெரிசலுக்குள் “மேடம்! மேடம்!” என்று யாரோ கூப்பிட்டார்கள். என்னைப் பார்த்தால் ஒதுங்குகிற ஊரில் என்னைக் கூப்பிடுகிற ஆள் யார் என்று திரும்பினேன். பட்டறைக்காரர், மனைவியோடும் மகளோடும். அந்த டெர்முக்கு அவர் அதுவரை பாதிகூடக் கட்டியிருக்கவில்லை. ஆனால் பையைத் திறந்து காட்டினார். “பாப்பாவுக்குப் பாவாட சட்ட. இருநூறு ரூபா கம்மி பண்ணிக் கேட்டேன், குட்த்துட்டான். ஃபீஸ் அடுத்த வாரம் மேடம், மறக்கல.” மனைவியிடம் திரும்பி, “இவுங்கதான் நம்ம ஸ்கூல் மேடம், நான் சொல்வேனே” என்றார். என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். நால்வரும் கரும்புச்சாறு குடித்தோம், காசு அவர்தான் கொடுத்தார், என்னை விடவில்லை. அந்த வருடம் நான் எனக்கென்று ஒரு புடவை எடுத்தேன்.

இந்த மனிதருக்குத்தான் நான் அதைச் செய்தேன். மகள் ஒன்பதாவது படித்த வருடம். முந்தின டெர்மில் அவருக்குக் கொஞ்சம் பாக்கி நின்றிருந்தது, ஒரு கம்பெனி அவர் பில்லை இழுத்தடித்துவிட்டதால் வந்த வினை. எங்கள் கணக்கில் ஒரு நடைமுறை உண்டு. எவ்வளவு பணம் வந்தாலும் முதலில் பழைய பாக்கிக்கு வரவு வைத்துவிட்டு, மிஞ்சுவதைத்தான் நடப்பு டெர்முக்கு வைக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. நடப்பு டெர்முக்குக் கட்டாத பிள்ளைகளுக்கு முழு ஆண்டுப் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் கிடையாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அவர் கதி என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பரீட்சைக்கு முந்தின வாரம் வந்து உட்கார்ந்தார். “இது முழுக்க இந்த டெர்முக்கு மேடம். பழசு, அந்த பில்லு வந்ததும் நானே கொண்டாந்து தரேன். பாப்பா பரீட்ச எழுதிடணும், அவ்ளோதான்” என்றார். “நான் பாத்துக்கறேன் சார், கவலைப்படாதீங்க” என்றேன். அப்படி நடப்புக்கு வரவு வைக்க எனக்கு அதிகாரம் இருந்தது. சொல்லிக்கொண்டேதான் கம்ப்யூட்டரில் தட்டினேன். அவர் பட்டறைக்கு வந்த புது மிஷினைப் பற்றி ஏதோ சொல்ல, நான் கேட்டுச் சிரிக்க, பதினேழு வருடப் பழக்கத்தில் கை தானாகப் பழைய பாக்கி என்ற இடத்தில் போய் நின்று வரவு வைத்துவிட்டது. ரசீதைக் கிழித்துக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

கட்டாதவர்கள் பட்டியலைக் கம்ப்யூட்டர் எடுத்துக் கொடுத்தது. நான் கையெழுத்துப் போட்டு வகுப்பு ஆசிரியைகளுக்கு அனுப்பினேன். நாலு பக்கப் பட்டியல், படித்துப் பார்க்கவில்லை. பரீட்சை அன்று காலை பணம் கட்ட பேங்குக்குப் போயிருந்தேன். பதினோரு மணிக்குத் திரும்பியபோது ஆபீஸ் வராந்தா பெஞ்சில் ஐந்தாறு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் அவருடைய மகள். மடியில் அட்டையும் பென்சில் டப்பாவும். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, “மேடம், எங்கப்பா கட்டிட்டாரே” என்றாள். அழவில்லை. கட்டிவிட்டாரே என்று ஒரு சந்தேகம் கேட்பதுபோலத்தான் கேட்டாள். உள்ளே ஓடிப்போய்க் கம்ப்யூட்டரில் அவள் கணக்கைத் திறந்து பார்த்தேன். பழைய பாக்கி வரவு. நடப்பு டெர்ம் நிலுவை. கீழே பதிவு செய்தவர் என்று என் பெயர்.

அதே நேரம் பிரின்சிபல் மேடம் அறைக்குள் வந்தார். பட்டியலில் பிசகு வந்தால் கையெழுத்துப் போட்டவர்தான் பொறுப்பு என்று போன வாரம்தான் எல்லாரையும் கூட்டி வைத்துச் சொல்லியிருந்தார். எனக்கு வாய் திறக்கவில்லை. அதற்குள் வகுப்பு ஆசிரியை போன் செய்ததில் பட்டறைக்காரரே வந்து சேர்ந்துவிட்டார். சட்டையெல்லாம் எண்ணெய்க் கறை, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஸ்டூல் பக்கத்திலேயே இருந்தும் அன்று அவர் அதை இழுக்கவில்லை. குனிந்தார். பிரின்சிபல், “என்ன சார், பரீட்சை நேரத்துல இப்படிப் பண்ணலாமா?” என்றார். அவர் பிரின்சிபலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சாரி மேடம். என் தப்புதான், கணக்குல குழம்பிட்டேன். உங்களுக்கும் சங்கடம் ஆக்கிட்டேன். பாப்பாவ மட்டும் உள்ள வுட்ருங்க” என்றார். அதை என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நான், “பரவாயில்ல சார்” என்றேன்.

பரவாயில்ல சார். இந்த இரண்டு வார்த்தைகளைப் பிறகு எத்தனை தரம் எனக்குள் சொல்லிப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. வேலை போய்விடும் என்ற பயம் என்று சொன்னால் பாதிதான் உண்மை. ஒரு ரூபாய் பிசகாத ஆள் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அதையும் விட்டுக்கொடுத்தால் என்ன மிஞ்சும் என்று அந்த நொடியில் தோன்றிவிட்டது. பிரின்சிபல் பெரிய மனது பண்ணிக் குழந்தையை உள்ளே அனுப்பினார். மூன்று மணி நேரப் பரீட்சையில் ஒரு மணி நேரம்தான் பாக்கி. அவர்கள் எல்லாரும் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு, வரவை நடப்பு டெர்முக்கு மாற்றினேன். இரண்டு நிமிட வேலை. புது ரசீது எடுக்கவில்லை.

அடுத்த வருடத்திலிருந்து பட்டறைக்காரர் டெர்ம் தொடங்கும் முதல் நாளே முழுப் பணத்தையும் கட்ட ஆரம்பித்தார். எங்கே கடன் வாங்கினாரோ, எதை அடகு வைத்தாரோ தெரியாது. முதல் நாள் என்றால் வரிசை வாசல் கேட் வரை போய் நிற்கும், யாரும் உட்கார முடியாது. எல்லாரையும் போலக் குனிந்து பணத்தைத் தள்ளுவார், ரசீதை வாங்கி அங்கேயே நின்று ஒரு வரி விடாமல் படிப்பார். “வரேன் மேடம்” என்பார். சாப்பிட்டீர்களா என்று கேட்க நேரமில்லை என்று நான் எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பாக்கி இல்லாதவரை நான் போனில் கூப்பிடவும் வழியில்லை. மகள் பன்னிரண்டாவது முடித்துப் போனாள். மாற்றுச் சான்றிதழ் வாங்க அவளுடைய அம்மாதான் வந்திருந்தார். சிரித்தார், கையைப் பிடிக்கவில்லை.

இந்த ஜூனில் எங்கள் பள்ளிக்கு ஃபீஸ் ஆப் வந்துவிட்டது. எல்லாரும் போனிலேயே கட்டிவிடுகிறார்கள். கட்டாதவர்களுக்கு ஆப்பே செய்தி அனுப்புகிறது, அதன் தமிழ் என் தமிழைவிட மரியாதையாக இருக்கிறது. கண்ணாடியிலிருந்த காகிதங்களையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டார்கள். இப்போது வராந்தா முழுக்கத் தெரிகிறது, ஆள்தான் இல்லை. ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருக்கிறது. அதுவரை வரவுகள் சரியாக விழுகின்றனவா என்று நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமாம். போன வாரம் ஒரு மத்தியானம், டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தவள், மேஜைப் போனை எடுத்து அவர் நம்பரைப் போட்டேன். எங்கும் பார்க்க வேண்டியிருக்கவில்லை, விரலுக்கே தெரிந்திருந்தது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் கூப்பிட்டேன். பேச ஓர் ஆள் வேண்டியிருந்தது என்பதும் உண்மைதான்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தார். பின்னால் மிஷின் இரைந்துகொண்டிருந்தது. ஸ்கூலிலிருந்து பேசுகிறேன் என்றதும் குரல் மாறிவிட்டது. “மேடமா? இன்னா மேடம், எதுனா பாக்கி கீதா? பாப்பா முட்ச்சே ஆறு வருஷம் ஆச்சே” என்றார். பயந்துவிட்டார். என் குரலுக்கு இந்த ஊரில் வேறு அர்த்தம் கிடையாது. பாக்கி ஒன்றும் இல்லை சார் என்று இரண்டு தரம் சொன்ன பிறகு மிஷினை நிறுத்தினார். பாப்பா பெருங்குடியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாளாம், நன்றாக இருக்கிறாளாம். நான் சொல்ல ஆரம்பித்தேன். ஒன்பதாம் வகுப்பு, பரீட்சை, பழைய பாக்கி வரவு, என் கை. எழுதி வைத்துப் படிப்பதுபோலச் சொல்லி முடித்தேன்.

“தெரியும் மேடம்” என்றார். “அன்னிக்கு டீச்சர் போன் பண்ண ஒடனே பாக்கெட்ல இருந்த ரசீத எட்த்துப் பாத்துட்டேன். பழைய பாக்கின்னு போட்டிருந்துச்சு. சண்ட போடலாம்னுதான் வந்தேன்.”

“அப்புறம் ஏன் சார், நீங்க போய் மன்னிப்புக் கேட்டீங்க?”

“பெரிய மேடம் நின்னுகினு இருந்தாங்க. உங்க மூஞ்சியப் பாத்தேன். என்னால உங்க வேலை போகக் கூடாதுன்னு தோணிச்சு, அவ்ளோதான். மறுநாள் நீங்களே போன் பண்ணுவீங்கன்னு நெனச்சேன் மேடம். மத்தியானம் வரிக்கும் மிஷினப் போடல, சத்தத்துல ரிங்கு கேக்காதுன்னு.” அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஆள் காத்திருக்கிறது, வைக்கட்டுமா என்றார். வைத்துவிட்டார்.

அந்த மறுநாளை நினைத்துப் பார்க்கிறேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது. அடுத்த பரீட்சைக்குள் பட்டியலில் இருப்பவர்கள் எல்லாரையும் கூப்பிட்டுவிட வேண்டும் என்று பிரின்சிபல் சொல்லியிருந்ததால், காலை எட்டரைக்கே வந்து போனை எடுத்தேன். மத்தியானம்வரை தொண்டை வறளக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அவர் பெயர் பட்டியலில் இல்லை. அதை முந்தின நாள் நான்தான் நீக்கியிருந்தேன்.